“சமம் என்றால் எதை எடுத்தாலும் ஒன்றுதானே, மிஸ்?”

காசிமேட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் பழமொழிப் பாடம். ‘கையிலுள்ள ஒரு பறவை, புதரிலுள்ள இரண்டு பறவைகளுக்குச் சமம்’ என்று கைடில் இருந்ததை வாசித்த மாணவி நிமிர்ந்து பார்த்துக் கேட்ட கேள்விதான் மேலே இருப்பது.

நியாயமான கேள்வி. இரண்டும் சமமென்றால் பழமொழியே எதற்கு? 1546-இல் ஜான் ஹேவுட் வெளியிட்ட ஆங்கிலப் பழமொழித் தொகுப்பில் இது வேறு வடிவில் இருக்கிறது: காட்டிலுள்ள பத்தைவிடக் கையிலுள்ள ஒன்றே மேல். அதைச் சொன்னதும் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. அவளுடைய அம்மா மீன் விற்கிறார். “வெயில் ஏறினால் ஐஸ் கரைந்து கூடையிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்துவிடும், மிஸ். அதற்குமேல் அம்மா யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். கேட்ட விலைக்குச் சங்கராவைக் கொடுத்துவிடுவார்” என்றாள். இதைவிடத் தெளிவாக என்னால் விளக்கியிருக்க முடியாது. இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்கப் போகாதே என்று நம் வீடுகளில் சொல்வதும் இதைத்தான்.

என் ஆதங்கம் இதுதான். இப்படிப்பட்ட பழமொழி ஒவ்வொன்றும் ஒரு தராசு. எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று காட்டாமல், ஒருவரிப் பொருளை மனப்பாடம் செய்யவைக்கிறோம். ‘ஒருபோதும் செய்யாததைவிடத் தாமதமாகச் செய்வது மேல்’ என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கிவிடுகிறது. ‘ரொட்டியே இல்லாததற்கு அரை ரொட்டி மேல்’ என்பதில்தான் ஏமாந்துபோகிறோம்.

நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் தொடர்ந்து இரண்டு மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார்கள். மீதியைக் கேட்கப் போனவர்களிடம் நிர்வாகி இந்தப் பழமொழியைச் சொல்லி அனுப்பிவைத்தார். பதில் சொல்லத் தெரியாமல் திரும்பினோம். இன்று சொல்வேன்: அந்தத் தராசில் இருப்பவை அரை ரொட்டியும் வெறுங்கையும் மட்டுமே. முழு ரொட்டி அதில் ஏறவே இல்லை. அதைக் கேட்கக் கூடாது என்று அந்தப் பழமொழி எங்கும் சொல்லவில்லை.

அடுத்து ‘வந்தபின் குணப்படுத்துவதைவிட வருமுன் காப்பதே மேல்’. இதை நோயோடு மட்டும் சேர்த்துப் படிக்கிறோம். பெஞ்சமின் பிராங்க்ளின் 1735-இல் பிலடெல்பியாவில் இந்தக் கருத்தை எழுதியது தீ விபத்தைப் பற்றி. ஒரு அவுன்ஸ் முன்காப்பு ஒரு பவுண்டு சிகிச்சைக்கு ஈடு என்றார். ஒரு பவுண்டுக்கு 16 அவுன்ஸ். கரண்டியில் தணலை அறைக்கு அறை கொண்டுபோகாதீர்கள், இடுக்கில் விழுந்த பொறி நள்ளிரவில்தான் தெரியவரும் என்று எச்சரித்தார். அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வள்ளுவரும் நெருப்பைத்தான் காட்டினார்: ‘வருமுன்னர்க் காவாதான் வாழ்க்கை எரிமுன்னர் வைத்தூறு போலக் கெடும்.’ வைத்தூறு என்றால் வைக்கோற்போர்.

இதைப் படிக்கும்போது எனக்கு எண்ணூர் பெரியகுப்பம்தான் நினைவுக்கு வருகிறது. 2023 டிசம்பர் 26 இரவு, கடலுக்கடியில் போட்டிருந்த குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் மூச்சுத்திணறி, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தெருவில் ஓடினார்கள். நம் பிள்ளைகளுக்கு இந்தப் பழமொழியை விளக்க இதைவிட வேறு உதாரணம் தேடவேண்டுமா?

நாளை மாலை இந்தப் பாடத்தை மறுபடி எடுக்கப்போகிறேன், கைடு இல்லாமல். அரை ரொட்டிப் பழமொழிக்கு ஈடாக உங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஏதாவது சொல்லிக் கேட்டிருந்தால் கீழே எழுதுங்கள். கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப்போட வேண்டும்.