வாரின சகதியை வடிகால் ஓரத்திலேயே கொட்டிவிட்டுப் போவதா?

மழைக்காலம் நெருங்கியதும் மழைநீர் வடிகாலைத் தூர்வாருகிறோம் என்று மூடியைத் தூக்குகிறார்கள். உள்ளே கிடக்கும் கறுப்புச் சகதியை வாரி, அந்த வாய்க்குப் பக்கத்திலேயே குவிக்கிறார்கள். காய்ந்ததும் அள்ளுவார்களாம். எங்கே அள்ளினார்கள்? முதல் மழைதான் அள்ளுகிறது! பிளாஸ்டிக் கவர், பாட்டில் மூடி, சிகரெட் துண்டு, எண்ணெய் ஊறிய மண் எல்லாம் வந்த வழியே திரும்ப உள்ளே போகிறது. சகதியில் இறங்கி நின்று வாரினவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. அள்ளிப் போக வண்டி அனுப்பாதவர்கள் மேல்தான் கோபம்.

அப்புறம் இந்தப் பெருக்கும் பழக்கம். வாசலைக் கூட்டிக் குப்பையை நேராக வடிகால் வாய்க்குள் தள்ளுகிறார்கள். கேட்டால், "எல்லாம் சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தானே போகுது" என்கிறார்கள். போகாதுங்க! மழைநீருக்கென்று தனி வடிகால் இருக்கிற ஊர்களில், பெரும்பாலும் அது நேரே ஆற்றுக்கோ ஏரிக்கோ கடலுக்கோதான் போகும். நடுவில் யாரும் வடிகட்டுவதில்லை.

கண்ணுக்குத் தெரிகிற குப்பையாவது பரவாயில்லை. வெயில் நாளெல்லாம் சாலையில் படிந்த டயர் துகள், பிரேக்கிலிருந்து உதிரும் செம்பு, ஒழுகிய எண்ணெய், நாய்க் கழிவு எல்லாவற்றையும் மழையின் முதல் ஓட்டம் வழித்துக்கொண்டு போகிறது. டயர் சீக்கிரம் வெடிப்பு விடாமலிருக்க 6பிபிடி என்றொரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அது ஓசோன் பட்டு வேறொரு நஞ்சாக மாறுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநில ஓடைகளில், முட்டையிட வந்த கோஹோ சால்மன் மீன்கள் மழைக்குப் பின் செத்து மிதந்ததற்கு அதுதான் காரணம் என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள்.

சில இடங்களில் குப்பை பிடிக்கும் வலையும் தொட்டியும் வைக்கிறார்கள். நல்ல விஷயம்தான், ஆனால் காலி செய்வது யார்? நிரம்பிய வலைக்கு மேலேயே தண்ணீர் வழிந்து ஓடுகிறது, குப்பையும் கூடவே ஓடுகிறது. தொட்டிக்குள் சிக்கிய இலைதழை அழுகி ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது. அதிலிருந்து கசியும் சத்துகள் ஏரிக்குப் போய்ப் பாசியாக மண்டுகின்றன. திறப்பு விழாவுக்கு வந்தவர்களில் ஒருவராவது அப்புறம் மூடியைத் திறந்து பார்த்ததுண்டா?

இனி டெண்டர் விடும்போதே எழுதுங்கள்: வாரின சகதி அன்றைக்கே வண்டியேற வேண்டும், ஒவ்வொரு பெருமழைக்குப் பிறகும் வலை காலியாக வேண்டும், அதுவரை பில் பாஸ் ஆகக் கூடாது.