நான்கும் ஒரே சொல் அல்ல

“ப்ரொபென்சிட்டி என்றால் விருப்பம். பென்சான்ட், ப்ரொக்ளிவிட்டி, ப்ரெடிலெக்ஷன் எல்லாம் அதுவேதான், எதை வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம்” என்று இந்த நான்கு ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஒருவர் பதிவு போட்டிருக்கிறார். தருமபுரியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற தம்பி, தங்கைகள் இதை அப்படியே நோட்டில் ஏற்றிவிட வேண்டாம்.

ப்ரொபென்சிட்டி என்பது ஒரு பக்கம் சாயும் இயல்பு; அதில் விருப்பம் இருந்தே ஆக வேண்டும் என்பதில்லை. இரும்புக்குத் துருப்பிடிக்கும் ப்ரொபென்சிட்டி உண்டு என்று எழுதலாம். எந்த இரும்பும் துருப்பிடிக்க ஆசைப்படுவதில்லை! பொருளியல் அறிஞர் கெயின்ஸ் 1936இல் நுகர்வு பற்றிப் பேசும்போது எடுத்ததும் இந்தச் சொல்தான். கூலி 100 ரூபாய் கூடி, அதில் 80 செலவானால் இறுதிநிலை நுகர்வு நாட்டம் (மார்ஜினல் ப்ரொபென்சிட்டி டு கன்ஸ்யூம், அதாவது கூடுதல் வருமானத்தில் செலவாகும் பங்கு) 0.8. இயல்பாக எந்தப் பக்கம் போகிறது என்பதே அங்கே கேள்வி.

ப்ரொக்ளிவிட்டிக்குள் இருப்பது சரிவைக் குறிக்கும் லத்தீன் சொல். தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் இறங்குகிற லாரி மாதிரி, தானாக இழுத்துக்கொண்டு போகும். அதனால் பொய், சூதாட்டம், சண்டை என்று வேண்டாத குணங்களோடுதான் அதிகம் வரும். நல்லதற்கு வரவே வராது என்றில்லை.

பென்சான்ட் பிரெஞ்சு வழி வந்தது, ரசித்துச் செய்வதற்கு. அதன் பின்னால் ‘ஃபார்’ போடுங்கள். ‘டு’ போட்டு வினைச்சொல் எழுதுவது பிழை. ப்ரெடிலெக்ஷன் என்பது தனிப் பிரியம்: கிருஷ்ணகிரி மாம்பழச் சந்தையில் அல்போன்சா, பெங்களூரா எல்லாம் குவிந்திருந்தாலும் செந்தூராவையே தேடுகிறவருக்கு இருப்பது.

சரி, ப்ரொபென்சிட்டிக்குப் பதில் ஒன்று வேண்டுமென்றால் டெண்டன்சி (போக்கு) போடுங்கள், பெரும்பாலும் இடிக்காது.