சட்டாம்பிள்ளைக்காகக் கட்டிய கூடம்

இங்கிலாந்துக் கிராமங்களில் தேவாலயத்தை ஒட்டி நிற்கும் விக்டோரியா காலப் பள்ளிக்கூடப் படம் எதைப் போட்டாலும், எல்லாருக்கும் கூர்வளைவு ஜன்னலும் மணிக்கூண்டும்தான் கண்ணில் படுகின்றன. எனக்கு அவை மேல்பூச்சு. அந்தக் கட்டடத்தின் உயிர், குறுக்குச் சுவரே இல்லாத அதன் ஒற்றைக் கூடம்.

அந்தக் கூடத்தின் வேர் நம் எழும்பூரில் இருக்கிறது. 1789 முதல் அங்கே ஆண் அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், மணலில் எழுதிப் பழகும் நம் பிள்ளைகளைப் பார்த்தார். மூத்தவன் இளையவனுக்குச் சொல்லித்தரும் சட்டாம்பிள்ளை ஏற்பாட்டை ஒரு முறையாகவே ஆக்கினார். பெயர் 'மெட்ராஸ் முறை'. 1811இல் தொடங்கிய நேஷனல் சொசைட்டி, இங்கிலாந்துத் திருச்சபைப் பள்ளிகளில் அதைப் பரப்பியது. ஒரே ஆசிரியர் அத்தனை பேரையும் ஒரு பார்வையில் பார்க்க வேண்டும், அதனால்தான் ஒற்றைக் கூடம். எழுதும் மேசைகள் சுவரோரம். நடுத்தரையில் பிள்ளைகள் சதுரமாக நின்று பாடம் ஒப்பிப்பார்கள். 1846க்குப் பின், படித்துக்கொண்டே பாடமும் நடத்தும் பயிற்சி மாணவ ஆசிரியர்கள் வந்ததும் மேசைகள் வரிசைக்கு வந்தன, இடையே திரைச்சீலை தொங்கியது. அப்போதும் சுவர் எழவில்லை.

உயரமும் வெறும் பக்திக்காக அல்ல. 1870களில் பள்ளிகளுக்கான அரசு மானிய விதி ஒரு பிள்ளைக்குக் கேட்டது 8 சதுர அடி தரை, 80 கன அடி காற்றிடம். (எட்டுச் சதுர அடியில் ஒரு பாய்கூட முழுதாக விரிக்க முடியாது!) தரையில் கிடைக்காத காற்று கூரைக்கடியில்தான் கிடைத்தாக வேண்டும். ஜன்னல் அடிக்கட்டை உயரமாக வைத்தது, பிள்ளைகள் தெருவை வேடிக்கை பார்க்காதிருக்க.

இன்று இவற்றை வீடாக மாற்றுகிறவர்கள் நடுவில் ஒரு மாடித்தளம் போட்டு ஜன்னலைக் குறுக்கே வெட்டுகிறார்கள். மாடியில் படுப்பவருக்கு ஜன்னல் முழங்காலுயரத்தில் இருக்கும். கீழே இருப்பவருக்கு வெளிச்சமே இருக்காது. தளம் வேண்டுமென்றால் ஜன்னல் இல்லாத ஒரு முனையில் மட்டும் போடுங்கள்.

இதைவிடப் பெரிய கேடு சிமெண்ட். சுண்ணாம்புக் காரையில் கட்டிய தடித்த சுவர், உறிஞ்சிய ஈரத்தைக் கற்களுக்கு இடையிலுள்ள காரை இணைப்புகள் வழியாக வெளியே விடும். அங்கே சிமெண்ட் பூசினால் ஈரம் கல் வழியாக வெளியேறப் பார்க்கும். குளிர்காலத்தில் அது உறைந்து விரிய, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். பழைய பூச்சை எடுத்துப் புதிதாகப் பூச, இணைப்பு அகலத்தைப்போல் இரண்டு மடங்கு ஆழத்துக்குக் கையுளியால் சுரண்டுங்கள். அறுக்கும் இயந்திரம் வேண்டாம், கல் விளிம்பைத் தின்றுவிடும். புதுக் காரைக்கு நீரில் இறுகும் சுண்ணாம்பு 1 பங்கு, நறநறப்பான மணல் சுமார் 3 பங்கு. பூசியதும் சில நாள் ஈரச் சாக்கால் மூடி வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே போகிற காலத்தில் வேலையைத் தொடவே வேண்டாம்.

கடைசியாக, பலகைத்தரைக்கு அடியில் காற்றோட சுவரடியில் இருக்கும் துளைகள். மைதானத்துக்குத் தார் மேல் தார் போட்டு அவை புதைந்திருக்கும். பலகைத்தரையைத் தாங்கும் மரச்சட்டங்களின் நுனி அங்கிருந்துதான் மக்க ஆரம்பிக்கும். வாங்குவதற்கு முன் கூரையை அண்ணாந்து பார்ப்பதை விட்டு, முதலில் அங்கே குனிந்து பாருங்கள்.