நோட்டா முதலிடம் வந்தாலும் மறுதேர்தல் இல்லை

"நோட்டாவுக்கு (வேட்பாளர் யாரும் வேண்டாம் என்கிற பொத்தான்) அதிக ஓட்டு விழுந்தால் மறுதேர்தல், நின்றவர்கள் திரும்ப நிற்க முடியாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தேர்தல் வந்தாலே வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதை இது. மக்களவை, சட்டமன்றத் தேர்தல்களில் அப்படி விதியே கிடையாது. நூறு ஓட்டில் நோட்டா 99, வேட்பாளர் 1 வாங்கினாலும் அவர்தான் எம்.எல்.ஏ. டெபாசிட் கணக்கிலும் நோட்டா செல்லுபடியான ஓட்டாகச் சேராது.

2018இல் அரியானா, மகாராஷ்டிரா மாநிலத் தேர்தல் ஆணையங்கள் உள்ளாட்சித் தேர்தலுக்கு மட்டும் மறுதேர்தல் என்று உத்தரவிட்டன. அதைத்தான் நாடு முழுக்கப் பரப்பிவிட்டார்கள் போல.

சரி, அப்புறம் எதற்கு நோட்டா? ரகசியத்துக்காக. முன்பு 49ஓ (யாருக்கும் ஓட்டுப் போடவில்லை என்று பதிவு செய்ய இருந்த விதி) போட வேண்டுமானால், வாக்குச்சாவடி அதிகாரியிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பதிவேட்டில் அவர் குறிப்பு எழுத, கீழே கையெழுத்துப் போட வேண்டும். எதிரே கட்சி ஏஜெண்டுகள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். சின்ன ஊரில் யாருக்கு அந்தத் தைரியம் வரும்? அதனால்தான் 2013இல் உச்ச நீதிமன்றம் இயந்திரத்திலேயே ஒரு பொத்தான் வைக்கச் சொன்னது.

2024இல் இந்தூரில் காங்கிரஸ் வேட்பாளர் மனுவை வாபஸ் வாங்கியபோது, நோட்டா 2 லட்சத்தைத் தாண்டி இரண்டாமிடம் வந்தது. கோபம் பதிவானது உண்மை. ஆனாலும் ஜெயித்தது பா.ஜ.க.தான்; வெற்றி வித்தியாசமே 11 லட்சத்துக்கு மேல்.