85-0க்குப் பிறகு வந்த கொள்கை

'படிப்புதான் முக்கியம் என்று கால்பந்தையே தூக்கி எறிந்த இடம்' என்று சிகாகோ பல்கலைக்கழகத்தைப் பெருமையாகச் சொல்வார்கள். நானும் வெகுநாள் நம்பினேன். இப்போது பாதிதான் நம்புகிறேன்.

(கால்பந்து என்றால் இங்கே அமெரிக்கக் கால்பந்து. முட்டை வடிவப் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுகிறவரை எதிரணி மடக்கி வீழ்த்தும்.)

பல்கலைக்கழகம் வகுப்புகளைத் தொடங்கிய 1892லேயே அமோஸ் அலோன்சோ ஸ்டேக் பயிற்சியாளராக வந்துவிட்டார். அழைத்து வந்தவர் முதல் தலைவர் ஹார்ப்பர். பேராசிரியர்களுக்கு நிகரான பதவியும் கொடுத்தார். புதுப் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வேண்டியிருந்தது, கால்பந்து வாங்கிக் கொடுத்தது. 1905இல், 56 ஆட்டங்களாகத் தோல்வியே காணாத மிச்சிகன் பல்கலைக்கழக அணியை 2-0 என்று கவிழ்த்தார்கள். சிறந்த கல்லூரி ஆட்டக்காரருக்குத் தரும், பின்னாளில் ஹெய்ஸ்மன் என்று பெயர் பெற்ற விருதை 1935இல் முதன்முதலாக வாங்கிய ஜே பெர்வாங்கரும் இந்த அணிக்காரர்தான்.

அப்புறம் நாலே வருடத்தில் எல்லாம் தலைகீழ். வயதைக் காட்டி வெளியே அனுப்பப்பட்ட ஸ்டேக், பசிபிக் கல்லூரி அணியோடு 1938இல் திரும்பி வந்து, தன் பெயரிலேயே இருந்த மைதானத்தில் சிகாகோவை 32-0 என்று அடித்தார். (கிழவர் உள்ளுக்குள் சிரித்திருக்க மாட்டாரா என்ன!) 1939இல் மிச்சிகனிடம் 85-0 என்று தோல்வி. ஒஹாயோ ஸ்டேட்டிடம் 61-0. ஹார்வர்டிடமும் அதே 61-0. அந்த டிசம்பரில் தலைவர் ராபர்ட் ஹட்சின்ஸ் அணியைக் கலைத்தார்.

ஹட்சின்ஸ் 1929லேயே பதவிக்கு வந்தவர். பெர்வாங்கர் ஓடிக்கொண்டிருந்தபோது கலைத்திருந்தால் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். 85-0க்குப் பிறகு கலைத்ததில் பாதி கொள்கை, பாதி மானம். சரி, காசு கொடுத்து ஆள் பிடித்து ஜெயிக்கும் வழியில் அவர் இறங்கவில்லை, அதற்கு ஒரு கும்பிடு.

ஆளில்லாமல் கிடந்த அந்த மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் மாடத்துக்கு அடியில்தான் 1942 டிசம்பர் 2 அன்று என்ரிகோ ஃபெர்மி குழு முதல் அணு உலையை இயக்கியது. 'பந்து போனது, அணு வந்தது' என்று இரண்டையும் முடிச்சுப் போடுகிறவர்கள் உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகப்படி. இன்று அங்கே ரெகன்ஸ்டைன் நூலகம் இருக்கிறது.

1969இல் கால்பந்து திரும்பி வந்தது. இப்போது ஆடுவது விளையாட்டுக்கென்று உதவித்தொகையே தராத, கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில். 1939இன் அந்த அவமானத்துக்கு நடுவிலும் வாபாஷ், ஓபர்லின் என்ற சிறு கல்லூரிகளை இவர்கள் ஜெயித்திருந்தார்கள். அந்த மட்டத்துக்கு இறங்கி அன்றே ஆடியிருக்கலாம், கலைத்திருக்கவே வேண்டாம் என்பது என் கட்சி.