“விற்றால்தான் கமிஷன், நஷ்டமே கிடையாது” என்பது பாதிதான் சரி

ஒருவர், “அஃபிலியேட் திட்டத்தில் விற்பனை நடந்தால்தான் பணம் தருகிறோம், அதனால் நஷ்டத்துக்கே வழியில்லை, கமிஷனை அள்ளிக் கொடுங்கள்” என்று எழுதியிருக்கிறார். அஃபிலியேட் என்றால், வெளியாட்கள் (கூட்டாளிகள்) தங்கள் தளத்தில் உங்கள் பொருளுக்கு இணைப்புக் கொடுத்து, அதன் வழியாக நடக்கும் விற்பனைக்குக் கமிஷன் வாங்குவது. அவர் சொன்னதில் முதல் பாதி சரி. முடிவுதான் இடிக்கிறது.

எந்த விற்பனைக்குக் கமிஷன் போகிறது என்று பாருங்கள். பொருளைக் கூடையில் போட்டுவிட்ட வாடிக்கையாளர், பணம் கட்டும் நேரத்தில் கூப்பன் தேடி ஒரு தளத்தைத் தட்டுகிறார். கடைசிக் கிளிக் அந்தத் தளத்தினுடையது, கமிஷனும் அதற்கே. அவர் எப்படியும் வாங்கியிருப்பார்! உங்கள் பெயரையே கூகுளில் தேடுபவருக்கு விளம்பரம் காட்டி நடுவில் புகுந்துகொள்ளும் கூட்டாளிகளும் உண்டு. அதனால் பிராண்ட் பெயரில் விளம்பரம் செய்யக் கூடாது, சொந்த இணைப்பில் தானே வாங்கக் கூடாது என்பதையெல்லாம் முதல் நாளே ஒப்பந்தத்தில் எழுதிவிட வேண்டும்.

அப்புறம் கணக்கு. 100 ரூபாய்ப் பொருளில் 30 ரூபாய் லாபம், கமிஷன் 20 என்றால் கையில் 10. கடைகளையும் கூட்டாளிகளையும் இணைத்துவைக்கும் நெட்வொர்க் வழியாகப் போனால் அதன் கட்டணமும் அதிலிருந்துதான். பொருள் திரும்பி வந்தால்? திருப்பித் தரும் கெடு முடிந்த பிறகே கமிஷனை உறுதி செய்யுங்கள்.

குக்கீ காலம், அதாவது இணைப்பைத் தட்டியவர் எவ்வளவு நேரத்துக்குள் வாங்கினால் கமிஷன் உண்டு என்ற கெடு, நீளமாக இருந்தால்தான் கூட்டாளிகள் சேருவார்கள் என்பதும் முழு உண்மையில்லை. 1996-இல் தொடங்கிய அமேசான் திட்டத்தில் வழக்கமான கெடு 24 மணி நேரம்தான், இருந்தும் ஆட்கள் குவிகிறார்கள்.

கமிஷனைக் குறைவாகத் தொடங்கி, புது வாடிக்கையாளரைக் கொண்டுவருபவருக்கு மட்டும் ஏற்றிக் கொடுங்கள். ஏற்றியதை இறக்கினால் நல்ல கூட்டாளிகள்தான் முதலில் கழன்றுகொள்வார்கள்.