பி.சி.10 ஒரே கலர் இல்லை, நடுவர் சார்

சனிக்கிழமை கண்காட்சியில் என்னதான் நடந்தது என்று ஆளாளுக்கு இன்பாக்ஸில் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். போட்டோ போட வேண்டியவர்கள் போட்டுவிட்டார்கள், திரும்ப முழுக்கதை வேண்டாம். என் அக்கா பையன் செய்தது சாப்வித் கேமல், அதாவது முதல் உலகப் போர் காலத்து பிரிட்டிஷ் போர் விமானத்தின் மாடல், 1:48 அளவு, மேல்பக்கம் பழுப்பு ஏறிய ஆலிவ், அடிப்பக்கம் காடாத் துணி நிறம். நடுவர் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டி, "தம்பி, இது பச்சை. நீ பிரவுன் அடிச்சிருக்க. ரெஃபரன்ஸ் பாக்கலையா?" என்று கேட்டு மார்க்கைக் குறைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார். பெரிய விஷயமா என்றால் இல்லைதான். ஆனாலும் எனக்கு இன்னும் ஆறவில்லை.

ஒன்றே ஒன்றுதான் சொல்ல வந்தேன். அந்தக் காலத்துத் துணி போர்த்திய விமானத்துக்கு "இந்த ஒரு கலர்தான் சரி" என்று எதுவும் கிடையாது. கிடையவே கிடையாது.

பிரிட்டிஷ்காரன் மேல்பக்கத்துக்கு அடித்தது பி.சி.10 என்கிற பூச்சு. முதல் உலகப் போர் சமயத்தில் இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் உருவாக்கியது. விமானத்தின் எலும்புக்கூடு மரம், அதன் மேல் லினன் துணி, துணி விறைத்து நிற்க டோப் என்கிற திரவப் பூச்சு. அந்த லினன் வெயிலில் கிடந்தால் இற்றுப்போகும். அதைக் காப்பாற்றத்தான் நிறமி கலந்த பூச்சு வந்தது, எதிரி கண்ணுக்குத் தெரியாமல் மறைவது கூடக் கிடைத்த லாபம். அதில் என்ன இருந்தது? மஞ்சள் காவி, கூடவே துளி விளக்குக் கரி. அவ்வளவுதான் சார். பச்சை நிறமி என்று தனியாக ஒன்று அதில் இல்லவே இல்லை.

பையன் இதை என் கண் முன்னால் செய்து பார்த்தான். எவர்சில்வர் கிண்ணத்தில் மஞ்சள் காவி நிற அக்ரிலிக், குச்சி முனையில் கறுப்பு. கலக்கக் கலக்க மஞ்சள் செத்து ஆலிவ் பச்சை எழுந்து வருகிறது, யாரோ ரகசியமாகப் பச்சை ஊற்றிவிட்டது போல. அதே கறுப்பை, கொஞ்சம் சிவப்போடிய இன்னொரு காவியில் விட்டான். சாக்லேட் பிரவுன்! காவி மண் எங்கே தோண்டியது என்பதைப் பொறுத்து நிறம் மாறும். கேமல் 5,000-க்கு மேல் கட்டினார்கள், அதுவும் சாப்வித் கம்பெனி மட்டும் இல்லை, போல்டன் அண்ட் பால், ரஸ்டன் ப்ராக்டர் என்று ஊருக்கு ஊர் ஒப்பந்தக்காரர்கள். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் வைப்பது புளிக்குழம்புதான், எல்லாம் ஒரே நிறமாகவா இருக்கிறது?

இதெல்லாம் புதுசாக இருக்கும்போது. அப்புறம் வெயில், மழை, மேலே பூசிய வார்னிஷ் எல்லாம் சேர்ந்து பூச்சு மேலும் மேலும் பழுப்பாகும். கேமலில் இருந்தது சுழலும் ரோட்டரி எஞ்சின், அதற்கு ஊற்றியது விளக்கெண்ணெய், சிரிக்காதீர்கள், நம்ம ஆமணக்கு எண்ணெயேதான். ஊற்றியது திரும்பி டேங்குக்கு வராது, புகையோடு வெளியேறிப் பின்னால் இருக்கிற துணியிலும் பைலட் முகத்திலும்தான் போய் ஒட்டும். இதைவிட முக்கியம், ஒரே கேமலில் மூக்குப் பக்கம் அலுமினியத் தகடு, பைலட் உட்காரும் இடத்தில் பிளைவுட், பின்னால் துணி. ஒரே டப்பாவிலிருந்து அடித்தாலும் மூன்றிலும் மூன்று விதமாகத் தெரியும். பையன் அந்த மூன்றையும் மூன்று ஷேடில் காட்டியிருந்தான். அதை யார் பார்த்தார்கள்?

ஷேடு பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பவர்களுக்கு: நான் ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் டேனரியில், தோலுக்குக் கடைசியாக நிறமும் பளபளப்பும் ஏற்றுகிற ஃபினிஷிங் செக்‌ஷனில் இருக்கிறவன். காலையில் போனால் சாயங்காலம் வரை எனக்குச் சோறு போடுவதே ஷேடுதான். அதே பிக்மென்ட், அதே ஸ்பிரே, வழவழத் தோலில் ஒரு நிறம், ஸ்வேடு என்கிற மெத்தென்ற தோலில் வேறு நிறம். நாங்கள் கடைசியாக அடிக்கிற லேக்கரில் இருக்கிற நைட்ரோசெல்லுலோஸ் அந்தக் கால டோப்பிலும் இருந்ததுதான், என்னமோ வெள்ளைக்காரன் ரகசியம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒருமுறை தோல் வாங்குகிற கம்பெனியின் ஆள் சாயங்காலம் டியூப்லைட் வெளிச்சத்தில் ஒரு பிரவுன் லாட்டைப் பார்த்து, சாம்பிளோடு சேரவில்லை, ரிஜெக்ட் என்றார். சூப்பர்வைசர் வாயே திறக்கவில்லை. மறுநாள் காலை அதே தோலை ஜன்னல் பக்கம் கொண்டுபோய் சாம்பிளோடு சேர்த்து வைத்தார், அந்த ஆளே தலையாட்டிவிட்டு பாஸ் போட்டுக் கொடுத்தார். தோல் மாறவில்லை, வெளிச்சம் மாறியது. கண்காட்சி ஹாலில் இருந்ததும் டியூப்லைட்தான், சொல்லிவிட்டேன்.

இப்போது அந்தப் போன் படத்துக்கு வருவோம். அது கறுப்பு வெள்ளைப் படத்துக்கு எவரோ கம்ப்யூட்டரில் கலர் ஏற்றியது! அந்தக் காலத்தில் பரவலாக இருந்த ஆர்த்தோகுரோமேட்டிக் ஃபிலிமுக்குச் சிவப்பு தெரியாது. பிரிட்டிஷ் விமானத்தின் வட்டச் சின்னத்தில் இருக்கிற சிவப்பு கிட்டத்தட்டக் கறுப்பாக விழும், நீலம் வெளுத்துப்போகும். அந்தப் படத்திலிருந்து மேல்பக்கம் பச்சையா பழுப்பா என்று கண்டுபிடிக்கிற ஆற்றல் எனக்கு இல்லை, சாருக்கு இருக்கிறது போல.

"அப்போ எந்தக் கலர் வேணா அடிக்கலாமா?" என்று ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். இல்லை ஐயா. ஊதா அடித்திருந்தால் நானே முதல் ஆளாகத் திட்டியிருப்பேன். பச்சை ஆலிவில் தொடங்கி சாக்லேட் பழுப்பு வரை ஓர் எல்லை இருக்கிறது, அதற்குள் நிற்கிறானா என்று பாருங்கள். "மியூசியத்தில் போய்ப் பார்க்கலாமே" என்றால், மியூசியத்தில் நிற்கிறவற்றில் பலவற்றுக்குத் துணியே மாற்றியாகிவிட்டது. "நடுவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமா?" என்றால், தெரிய வேண்டாம். தெரியாவிட்டால் பையனிடம் கேட்கலாம் இல்லையா? ஏன் இந்த நிறம் என்று ஒரு வார்த்தை. அவன் பதிலை நோட்டில் எழுதி வைத்திருந்தான்.

இன்னொருவர், பெயர் சொல்ல விரும்பவில்லை, "மாமாவே செஞ்சு கொடுத்திருப்பார், அதான் இந்தக் கோவம்" என்று எழுதியிருக்கிறார். அவருக்கு என்ன சொல்ல? மேல் இறக்கைக்கும் கீழ் இறக்கைக்கும் நடுவே இழுத்துக் கட்டுகிற கம்பிகளுக்கு அவன் நைலான் நூலை ஊசியில் கோத்து ஒவ்வொன்றாகக் கட்டினான். விரல் நுனியெல்லாம் பசை ஒட்டித் தோல் உரிந்திருந்தது. அவன் அம்மா சாதம் பிசைந்து ஊட்டினாள், பத்தாவது படிக்கிற பையனுக்கு. என் தடித்த விரலுக்கு அந்த வேலை வருமா? வந்து பாருங்கள் என் கையை.

எனக்கு வலித்தது மார்க் இல்லை, உண்மையாகச் சொல்கிறேன். போகிறபோது அவர் திரும்பி, "பொம்மையை விட்டுட்டு அடுத்த வருஷம் ரோபோ ஏதாவது செய் தம்பி" என்றாரே, அது. பரிசு வாங்கிய ரோபோவைப் பார்த்தேன். ஆன்லைனில் கிட்டாக விற்கிறது, ஸ்குரூ டிரைவர் கூட டப்பாவிலேயே வரும். அதற்கு யாரும் ரெஃபரன்ஸ் கேட்கவில்லை. வேலூர் பக்கம் அப்துல்லாபுரத்தில் ஓடுபாதை இருக்கிறது, அரக்கோணத்தில் கடற்படை விமானதளமே இருக்கிறது, இந்தப் பக்கத்தில் விமானம் மேல் ஆசைப்படுகிற பிள்ளைக்குக் கிடைக்கிற பெயர் பொம்மைக்காரன். சரி, இருக்கட்டும்.

அவன் அடுத்து ஃபோக்கர் டிஆர்.1 செய்யப்போகிறானாம், அதே போரின் ஜெர்மன் விமானம், மூன்றடுக்கு இறக்கை. அதில் ஜெர்மன்காரன் ஆலிவைத் துணி மேல் வேண்டுமென்றே பிரஷ் கோடு கோடாகத் தெரிகிற மாதிரி இழுத்து அடித்திருப்பான், இடையில் துணி நிறம் எட்டிப் பார்க்கும். அதைப் பார்த்து "பெயின்ட் சரியா மூடல தம்பி" என்று எத்தனை மார்க் குறைப்பார்களோ, இப்போதே சொல்லிவிட்டால் மனசைத் தேற்றிக்கொள்ள வசதி.

கமெண்டில் படம் போட்டு என்னைத் திருத்த வருகிறவர்கள் வரலாம். அந்தப் படம் எந்த வருஷம் எடுத்தது, அதற்குக் கலர் போட்டது யார், இந்த இரண்டையும் சேர்த்தே போடுங்கள்.